மூடியைத் திறப்பதற்கு முன்

ரத்தப் பரிசோதனைக் கருவிகளைப் பழுதுபார்க்கும் வேலையைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, 22 ஆண்டுகளாக அதே வேலையில் இருக்கும் பெண் பொறியாளர் ஒருவர் இந்த இதழில் பதில் எழுதியிருக்கிறார்.

கேள்வி: எலக்ட்ரானிக்ஸ் கடைசி ஆண்டு படிக்கிறேன், மேடம். மருத்துவப் பரிசோதனைக் கருவிகள் விற்கும் நிறுவனத்தில் ‘ஃபீல்டு சர்வீஸ் இன்ஜினியர்’ வேலை கிடைத்திருக்கிறது. நண்பர்கள் ‘மெக்கானிக் வேலை’ என்று கேலி செய்கிறார்கள். உண்மையில் அது என்ன வேலை?

மெக்கானிக் வேலையேதான். அதில் கேலி செய்ய என்ன இருக்கிறது என்பதுதான் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

ஆய்வகங்களில் இருக்கும் அனலைசர்களை நிறுவுவது, குறித்த காலத்தில் பராமரிப்பது, நின்றுபோனால் ஓட வைப்பது, இவ்வளவுதான் வேலை. பயோகெமிஸ்ட்ரி அனலைசரை எடுத்துக்கொள்ளுங்கள். ஊசி போன்ற ப்ரோப் ஒன்று சீரத்துக்குள் (ரத்தம் உறைந்தபின் மேலே பிரியும் தெளிந்த திரவம்) இறங்கி ஐந்து மைக்ரோ லிட்டரோ அதற்கும் குறைவாகவோ உறிஞ்சும். ஒரு சொட்டுத் தண்ணீரே ஏறத்தாழ 50 மைக்ரோ லிட்டர் என்றால், இது எவ்வளவு என்று கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். ப்ரோப்பின் நுனி திரவத்தைத் தொட்டவுடன் அதன் மின்தேக்கம் மாறும். அதை வைத்துத்தான் பல கருவிகள் மட்டம் வந்துவிட்டது என்று அறிகின்றன. மேலே நுரை மிதந்தால் நுரையையே திரவம் என்று நம்பிக் காற்றை உறிஞ்சிக்கொண்டு போய்விடும். அந்த மின்தேக்கத்தைப் புரிந்துகொள்ள உங்கள் படிப்பு உதவும். நுரை எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க உதவாது. அதற்கு, ரீஏஜென்ட் (பரிசோதனைக்கான வேதிக் கரைசல்) புட்டியைக் குலுக்கி வைத்த கை யாருடையது என்று பார்க்க வேண்டும்.

சேர்ந்த முதல் மாதம் நான் சர்க்யூட் போர்டைத் தொடவே இல்லை. கழிவுக் குழாய், சிரிஞ்சு, ஓ-ரிங் (கசிவைத் தடுக்கும் வளையம்), தண்ணீர் ஃபில்டர் இவற்றோடுதான் காலம் போனது. இந்தக் கருவிகளில் தண்ணீர்தான் பாதிக் கதை. குளிர்ந்து வரும் தண்ணீர் உள்ளே 37 டிகிரிக்குச் சூடாகும்போது, அதில் கரைந்திருந்த காற்று குமிழியாகப் பிரிந்து குவெட்டின் (ஒளி பாய்ச்சி அளக்கும் சிறு கிண்ணம்) சுவரில் ஒட்டிக்கொள்ளும். ஒளி அந்தக் குமிழியில் பட்டுச் சிதறும். கருவிக்குக் குமிழியும் தெரியாது, காற்றும் தெரியாது. வந்த ஒளியை ஒரு எண்ணாக மாற்றிக் கொடுத்துவிடும். அந்த எண் யாரோ ஒருவரின் பெயரோடு அச்சாகி வெளியே போகும்.

போய்ச் சேருங்கள். ராத்திரி பதினொரு மணிக்கு அழைப்பு வந்தால் எரிச்சல்படாத சுபாவம் வேண்டும் என்பார்கள். எனக்கு அது கிடையாது. எரிச்சல்பட்டுக்கொண்டேதான் கிளம்புகிறேன்.

கேள்வி: நான் ஆய்வக டெக்னீஷியன். கருவி நின்று, நோயாளிகள் காத்திருக்கும் நேரத்தில் இன்ஜினியரை அழைத்தால் உடனே கிளம்பாமல் பத்துக் கேள்வி கேட்கிறார். வராமல் தப்பிக்கத்தானே இது?

அப்படிப்பட்டவர்களும் இருக்கிறார்கள், மறுக்க மாட்டேன். ஆனால் பெரும்பாலும் அவர் எந்தப் பாகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு கிளம்புவது என்று யோசித்துக்கொண்டிருப்பார். வெறுங்கையோடு உடனே வந்து பார்த்துவிட்டுத் திரும்புகிறவரைவிட, கால் மணி நேரம் தொலைபேசியில் பேசிவிட்டுச் சரியான பாகத்தோடு வருகிறவர் உங்களுக்கு நல்லவர்.

ஓர் உதாரணம். போன மாதம் ஒரு டெக்னீஷியன் அழைத்து, “எதுவுமே சரியாக வரவில்லை மேடம்” என்றார். எந்தெந்தப் பரிசோதனையின் கண்ட்ரோல் (கருவியைச் சரிபார்க்க ஓட்டும், அளவு முன்பே தெரிந்த மாதிரி) எல்லைக்கு வெளியே போயிருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் படிக்கச் சொன்னேன். கல்லீரல் பரிசோதனைகளான ஏஎல்டி, ஏஎஸ்டி, அப்புறம் யூரியா, மூன்றும் ஒரு முறை மேலே, ஒரு முறை கீழே என்று சிதறியிருந்தன. புரோட்டீனும் கொலஸ்டிராலும் அசையவில்லை. முதல் மூன்றும் 340 நானோமீட்டரில், அதாவது புற ஊதாப் பகுதியில் அளக்கப்படுபவை. மற்ற இரண்டும் கண்ணுக்குத் தெரியும் ஒளியில். ஹாலஜன் விளக்குக்குப் பிறவியிலேயே புற ஊதாவில் சக்தி குறைவு. வயதானால் முதலில் தள்ளாடுவதும் அங்கேதான். கண்ணால் பார்த்தால் பளீரென்று எரிந்துகொண்டிருக்கும். “எதுவுமே” என்பது இரண்டு நிமிடத்தில் ஒரு விளக்காகச் சுருங்கிவிட்டது. எடுத்துக்கொண்டு போனேன், மாற்றினேன், காலிபரேஷன் (அளவுத் திருத்தம்) செய்து கண்ட்ரோல் பார்த்துவிட்டுத் திரும்பினேன். (அந்தக் கண்ணாடியை வெறும் விரலால் தொட்டுவிடாதீர்கள். விரலின் எண்ணெய்ப் பசை படிந்த இடம் அளவுக்கு மீறிச் சூடேறி விளக்கு சீக்கிரம் போய்விடும்.)

உங்களிடம் ஒரே வேண்டுகோள். திரையில் வந்த பிழை எண்ணைக் குறித்துக்கொள்ளாமல் கருவியை அணைத்துப் போடாதீர்கள். அப்புறம், “நேற்றிலிருந்து இன்றைக்குள் என்ன மாறியது?” என்று கேட்டால் “ஒன்றுமே இல்லை” என்று சொல்லாதீர்கள். புதிய லாட் (தயாரிப்புத் தொகுதி) ரீஏஜென்ட் வைத்திருப்பீர்கள், மேசையை நகர்த்தியிருப்பீர்கள், தண்ணீர்க் கருவிக்கு வேறொருவர் வந்து ஃபில்டர் மாற்றிவிட்டுப் போயிருப்பார்.

கேள்வி: வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது, அக்கா. ஒரே கோளாறுக்காக ஒரே ஆய்வகத்துக்கு நான்கு முறை போய்விட்டேன். ஒவ்வொரு முறையும் ஒரு பாகத்தை மாற்றுகிறேன். இரண்டு மூன்று நாள் நன்றாக ஓடுகிறது, மறுபடியும் வருகிறது. மேலாளர் முன்னால் தலைகாட்ட முடியவில்லை. எங்கே தவறுகிறேன்?

தம்பி, என்ன கோளாறு என்று நீங்கள் எழுதவில்லை. ஆகையால் என் கதையைச் சொல்கிறேன். உங்கள் கதையும் அதுவாக இருந்தால் ஆச்சரியப்பட மாட்டேன்.

அப்போது எனக்கு மூன்றாவது ஆண்டு. ஓர் ஆய்வகத்தில் பொட்டாசியம் ஏறி வருவதாகப் புகார். பெரியவர்களுக்கு லிட்டருக்கு 3.5 முதல் 5.0 மில்லிமோல் வரை இருக்க வேண்டியது, காலை மாதிரிகளில் சிலவற்றுக்கு ஆறுக்கு மேல் வருகிறது. பொட்டாசியம் அந்த அளவுக்கு ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறலாம். மருத்துவர் ஓடி வருவார். ஓடியும் வந்திருக்கிறார். நோயாளி நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறார், இசிஜியில் ஒன்றும் இல்லை. “உங்கள் மிஷினைத் தூக்கிப் போடுங்கள்” என்று ஆய்வகத்தாரிடம் சத்தம் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

நான் போனேன். பொட்டாசியம் எலக்ட்ரோடை மாற்றினேன். அந்த எலக்ட்ரோடின் ஸ்லோப் (பொட்டாசியம் பத்து மடங்கு ஏறினால் மின்னழுத்தம் எவ்வளவு மாறுகிறது என்ற அளவு), கொள்கைப்படி 37 டிகிரியில் 61.5 மில்லிவோல்ட் இருக்க வேண்டும். நடைமுறையில் கொஞ்சம் குறைவாகவே இருக்கும். பழையது 57 காட்டியது, புதியது 59. கண்ட்ரோல் ஓட்டினேன், அச்சு அசலாக வந்தது. கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பினேன். மூன்றாம் நாள் அழைப்பு. ரெஃபரன்ஸ் எலக்ட்ரோடை மாற்றினேன். கண்ட்ரோல் சரி. அடுத்த வாரம் மறுபடி அழைப்பு. பம்பின் குழாய்களை எல்லாம் மாற்றினேன். கண்ட்ரோல் சரி.

இதைப் படிக்கும்போதே உங்களுக்குத் தட்டுப்பட்டிருக்கும். எனக்கு அன்று தட்டுப்படவில்லை. பழுதுபார்த்த பிறகு கண்ட்ரோல் சரியாக வந்தது என்று மகிழ்ந்தேனே தவிர, பழுதுபார்ப்பதற்கு முன்னால் அது எப்படி இருந்தது என்று பார்க்கவே இல்லை. நான்காவது முறை போகும்போதுதான் பழைய தாள்களைப் புரட்டினேன். கண்ட்ரோல் ஒரு நாளும் தவறவில்லை. கருவி முதல் நாளிலிருந்தே உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை ஏழு மணிக்கே போய், கருவிப் பையைத் திறக்காமல் மூலையில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தேன். ஏழரை மணி அளவில் ஓர் ஊழியர் குளிர்பதனப் பெட்டியைத் திறந்து ஒரு ரேக்கை வெளியே எடுத்தார். சிவப்பு மூடிக் குழாய்கள். அடியில் உறைந்த ரத்தம், மேலே சீரம். முந்தின நாள் மாலை வேறொரு சேகரிப்பு மையத்திலிருந்து வந்தவை. கெட்டுப்போகக் கூடாதே என்று, சென்ட்ரிஃபியூஜில் சுற்றிச் சீரத்தைப் பிரிக்காமல், அப்படியே இரவு முழுவதும் குளிரில் வைத்திருக்கிறார்கள். அந்த மையத்திலிருந்து வாரத்தில் இரண்டு நாள்தான் மாதிரி வருமாம். என் ‘பழுதுபார்ப்பு’ இரண்டு மூன்று நாள் தாங்கியதன் ரகசியம் அதுதான்.

சிவப்பணுவுக்குள் பொட்டாசியம் வெளியில் இருப்பதைப் போல 20 மடங்குக்கு மேல் இருக்கிறது. அதை உள்ளேயே பிடித்து வைத்திருப்பது அணுவின் சவ்வில் ஓயாமல் வேலை செய்யும் ஒரு பம்ப். குளிரில் அது ஏறக்குறைய நின்றுவிடும். பொட்டாசியம் மெல்ல மெல்லச் சீரத்துக்குள் கசியும். அணு உடைந்திருந்தால் சீரம் சிவந்து, பார்த்தவுடனே தெரிந்திருக்கும். இது உடையாமல் கசிவது. சீரம் வைக்கோல் நிறத்தில் தெளிவாக இருக்கும், யாருக்கும் சந்தேகம் வராது. அந்த ரேக்கில் இருந்த ஒருவரை வரவழைத்துப் புதிதாக ரத்தம் எடுத்து உடனே ஓட்டச் சொன்னேன். குளிரில் இருந்தது 6.1. புதியது 4.3.

சர்வீஸ் ரிப்போர்ட்டில், ‘கருவியில் கோளாறு இல்லை. முந்தைய மூன்று வருகைகளில் மாற்றிய பாகங்கள் தேவையற்றவை’ என்று எழுதினேன். மேலாளர் அரை மணி நேரம் திட்டினார். திட்டட்டும், அவர் கணக்கில் மூன்று நல்ல பாகங்கள் போய்விட்டன அல்லவா.

உங்கள் ஆய்வகத்துக்கு நாளைக்கே போங்கள். மூடியைத் திறக்காதீர்கள். கண்ட்ரோலும் தவறுகிறதா, நோயாளி மாதிரிகள் மட்டும் தவறுகின்றனவா என்று பாருங்கள். எல்லா மாதிரிகளுமா, சிலவா? காலையிலா, மாலையிலா? யார் எடுத்தது, எந்தக் குழாயில்? இதே பொட்டாசியத்தில் இன்னொரு வேடிக்கையும் உண்டு: அது எகிறி, அதே மாதிரியில் கால்சியம் தரையைத் தொட்டால், இடிடிஏ (ரத்தம் உறையாமல் தடுக்கும் உப்பு) குழாயின் ரத்தம் தவறான குழாயில் சேர்ந்திருக்கும். இடிடிஏ உப்பில் பொட்டாசியம் இருக்கிறது. கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதே அதன் தொழில். எந்த ஸ்குரூ டிரைவராலும் அதைச் சரிசெய்ய முடியாது.

இவ்வளவு பார்த்த பிறகும் கோளாறு கருவியில்தான் என்று தெரிந்தால், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். போகவில்லையா, பழையதைத் திரும்ப மாட்டிவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

கேள்வி: ஒரே நாளில் ஐந்து ஆய்வகங்களில் ஆறு மாதப் பராமரிப்பு என்று அட்டவணை போடுகிறார்கள். முறையாகச் செய்தால் ஒன்றுக்கே நான்கு மணி நேரம் ஆகும். எல்லாக் கட்டங்களிலும் டிக் அடித்துவிட்டு வரச் சொல்கிறார்கள். என்ன செய்வது?

டிக் அடிக்காதீர்கள். செய்ததற்கு மட்டும் அடியுங்கள். செய்யாததற்கு எதிரே ‘செய்யவில்லை’ என்று எழுதி, கீழே கையெழுத்துப் போடுங்கள். திட்டு விழும்.

ஒரு முறை நான் போன இடத்தில் கண்ட்ரோல் எல்லைக்குள்ளேயே இருந்தது. ஆனால் நாள்தோறும் கண்ட்ரோல் முடிவைப் புள்ளியாக வைக்கும் லெவி–ஜென்னிங்ஸ் வரைபடத்தில் பார்த்தால், பத்து நாள் புள்ளிகளும் நடுக்கோட்டுக்குக் கீழேயே வரிசையாக விழுந்திருந்தன. நாணயத்தைப் பத்து முறை சுண்டிப் பத்தும் பூவாக விழுவது 1024-இல் ஒரு முறை. 1981-இல் வெஸ்ட்கார்ட் வெளியிட்ட ஆய்வகத் தரக் கட்டுப்பாட்டு விதிகளில் இதுவும் ஒன்று: பத்து அடுத்தடுத்து ஒரே பக்கம் விழுந்தால் அது தற்செயல் அல்ல, ஏதோ நகர்ந்திருக்கிறது. சிரிஞ்சைக் கழற்றினேன். ஓ-ரிங் தேய்ந்து, பிஸ்டன் முழுக்கக் கருப்புத் தூள். சிரிஞ்சு ஒவ்வொரு முறையும் கொஞ்சம் குறைவாக உறிஞ்சிக்கொண்டிருந்தது. மூன்று வாரத்துக்கு முந்தைய பராமரிப்புத் தாளில் ‘ஓ-ரிங் மாற்றப்பட்டது’ என்ற கட்டத்தில் அழகாக ஒரு டிக். யார் அடித்தது என்று சொல்ல மாட்டேன். கெட்ட மனிதர் அல்ல. அன்றைக்கு அவருக்கும் ஐந்து இடம்.

கேள்வி: என் மகள் இந்த வேலையில் சேரப் போகிறாள். நோயாளிகளின் ரத்தத்தோடு புழங்குவதால் தொற்று வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது, அம்மா.

பயம் நியாயமானது. அதை மகளுக்கும் கொஞ்சம் கொடுங்கள். பயமே இல்லாத பொறியாளர்தான் கையுறை போட்ட விரலால் கைபேசியை எடுத்துக் காதில் வைப்பவர்.

வேலையில் இறங்கும் முன் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டாக வேண்டும். வழக்கமான முறையில் மூன்று ஊசி: முதல் நாள், ஒரு மாதத்தில், ஆறாவது மாதத்தில். கடைசி ஊசிக்கு ஒன்றிரண்டு மாதம் கழித்து எதிர்ப்பொருள் உண்டாகியிருக்கிறதா என்று பரிசோதித்துக்கொள்ளட்டும்; இதை அநேகர் விட்டுவிடுகிறார்கள். அந்த வைரஸ் காய்ந்த ரத்தத்தில் குறைந்தது ஏழு நாள் உயிரோடு இருக்கக் கூடியது. கருவியின் மேல் காய்ந்து பழுப்பான ஒரு துளி, பார்க்கத் துரு மாதிரி இருக்கும். துருவா என்று விரலால் சுரண்டிப் பார்க்கக் கூடாது. கருவியைத் தொற்று நீக்கம் செய்து ஒப்படைக்கும்படி ஆய்வகத்தாரிடம் முதலில் கேட்க வேண்டும். சோடியம் ஹைப்போகுளோரைட்டையும் அமிலத் துப்புரவுக் கரைசலையும் ஒரே வாளியில் கொட்டக் கூடாது. குளோரின் வாயு கிளம்பும்.

ப்ரோப் ஒரு முறை என் கட்டை விரலில் குத்தியது. சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவினேன், அது சரி. பிதுக்கி ரத்தத்தை வெளியேற்றப் பார்த்தேன், அது தவறு. வெட்கப்பட்டுக்கொண்டு மாலைவரை யாரிடமும் சொல்லவில்லை. அது பெரிய முட்டாள்தனம். எச்ஐவி தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. குத்தினால் உடனே வாய் திறந்து சொல்ல வேண்டும் என்பதை மட்டும் அவளிடம் இரண்டு முறை சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் ரத்த அணு எண்ணும் கருவியில் மதியத்தில் மட்டும் பிளேட்லெட் (ரத்தத் தட்டணு) ‘பேக்கிரவுண்டு’ (ரத்தம் வைக்காமல் ஓட்டும்போது வரும் எண்ணிக்கை) அதிகம் காட்டுகிறது. எங்கள் இன்ஜினியர் “எர்த் சரியில்லை” என்கிறார். தட்டிக்கழிக்கிறாரா?

மதியத்தில் மட்டும் என்று எழுதியிருக்கிறீர்களே, அதிலேயே பதில் பாதி இருக்கிறது. இந்தக் கருவிகள் பலவற்றின் அடிப்படை, வாலஸ் கூல்டருக்கு 1953-இல் காப்புரிமை கிடைத்த முறை. உப்புக் கரைசலில் ஒரு நுண்துளை. அதன் வழியே ஒரு சிறு மின்னோட்டம். அணு ஒன்று துளையைக் கடக்கும்போது மின்தடை ஏறி ஒரு துடிப்பு உண்டாகும். பெரிய அணுவுக்குப் பெரிய துடிப்பு. பிளேட்லெட் இரண்டு மூன்று மைக்ரான்தான், ஆகவே அதன் துடிப்பு மிகச் சிறியது. மின்சாரக் கம்பியில் வரும் இரைச்சலும் அதே அளவில் இருந்தால், கருவி அதையும் பிளேட்லெட் என்று எண்ணிவிடும். உண்மையில் பிளேட்லெட் குறைந்த நோயாளிக்கு ‘பரவாயில்லை’ என்று முடிவு போய்விட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

மதியத்தில் அதே லைனில் எது ஓடுகிறது? பெரிய சென்ட்ரிஃபியூஜா, குளிர்சாதனமா? அதை நிறுத்திவிட்டு ஒரு முறை பேக்கிரவுண்டு ஓட்டிப் பாருங்கள். மல்டிமீட்டரில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே எத்தனை வோல்ட் என்று அளக்கச் சொல்லுங்கள். இரண்டு மூன்று வோல்ட்டைத் தாண்டினால் எலக்ட்ரீஷியனை அழைக்க வேண்டியதுதான். அளக்காமலேயே “எர்த்” என்று சொல்லிவிட்டுப் போயிருந்தால், உங்கள் சந்தேகமும் சரிதான்.

கேள்வி: இப்போது இணையம் வழியாகவே கருவியைச் சோதிக்கிறார்களாமே. இனி நேரில் வரும் பொறியாளர் தேவைப்படுவாரா?

விளக்கின் வயதையும் மோட்டாரின் தடுமாற்றத்தையும் தூரத்திலிருந்து பார்க்க முடிகிறது. நல்லதுதான், ராத்திரிப் பயணம் குறைந்திருக்கிறது. குளிர்பதனப் பெட்டியிலிருந்து வெளியே வரும் ரேக் அந்தத் திரையில் தெரியாது.

கேள்வி: எல்லாவற்றையும் மூடிய பிறகு ஒரு ஸ்குரூ கையில் மிஞ்சிவிட்டால் என்ன செய்வீர்கள்?

மறுபடி திறப்பேன். ஒரு முறை அப்படித் திறந்து, கழற்றிய இடங்களையெல்லாம் எண்ணிப் பார்த்தேன்; எல்லாத் துளையிலும் ஸ்குரூ இருந்தது. இரண்டாம் முறையும் எண்ணினேன். அப்புறம்தான் கையில் இருந்ததை வெளிச்சத்தில் பார்த்தேன். தலையில் லேசாகத் துரு. எனக்கு முன்னால் வந்தவர் எப்போதோ உள்ளே தவறவிட்டது, நான் ரீஏஜென்ட் தட்டைத் தூக்கியபோது உருண்டு வந்திருக்கிறது. அது இன்னும் என் பையில்தான் இருக்கிறது. எந்தக் கருவிக்கும் பொருந்தவில்லை.